கேள்வி–பதில்: உலகத் தரவரிசையும் தண்டையார்பேட்டை வார்டும்

அரசுகள் தங்கள் தரவுகளை மக்களுக்கு எந்த அளவுக்குத் திறந்து வைத்திருக்கின்றன என்பதை அளக்கும் உலகப் பட்டியல்கள் குறித்து வாசகர்களிடம் கேள்விகள் கேட்டிருந்தோம். வந்தவற்றில் பாதிக்கு மேல் வடசென்னையிலிருந்து. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

ஒரு பட்டியலில் பிரிட்டன் முதலிடம், இன்னொன்றில் தைவான், மற்றொன்றில் தென் கொரியா. எல்லாம் திறந்த தரவைத்தானே அளக்கின்றன? எதை நம்புவது?
– கல்லூரி மாணவி, ராயபுரம்

மூன்றையும் நம்பலாம். மூன்றும் வேறு வேறு பொருளை அளக்கின்றன, அவ்வளவுதான். மூன்று மாணவர்களுக்கு மூன்று வினாத்தாள் கொடுத்துவிட்டு யார் முதல் என்று கேட்பது போன்றது இது.

தைவான் முதலிடம் பிடித்தது ஓப்பன் நாலெட்ஜ் அமைப்பின் உலகத் திறந்த தரவுக் குறியீட்டில், 2015-இலும் 2016–17-இலும். அது பார்ப்பது கோப்பை மட்டும். பட்ஜெட், அரசுச் செலவு, தேர்தல் முடிவு, நிறுவனப் பதிவு, வரைபடம், காற்றின் தரம் என்று ஒரு பட்டியலை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் ஒரு குடிமகன் கைக்கு எந்த வடிவில், என்ன நிபந்தனையில் வருகிறது என்று பார்க்கும். சட்டம் இருக்கிறதா, பயிற்சி பெற்ற அலுவலர் இருக்கிறாரா, தரவால் ஏதாவது மாறியதா என்றெல்லாம் கேட்காது. தன்னார்வலர்கள் நிரப்புவார்கள், மதிப்பாய்வாளர்கள் சரிபார்ப்பார்கள்.

பிரிட்டன் முதலிடத்தில் நின்றது, உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ நிறுவிய வேர்ல்ட் வைட் வெப் ஃபவுண்டேஷனின் ஓப்பன் டேட்டா பாரோமீட்டரில். 2013-இல் தொடங்கி நான்கு பதிப்புகளிலும் அதே இடம். இதில் மூன்று பகுதிகள்: நாடு எவ்வளவு தயாராக இருக்கிறது, உண்மையில் எவ்வளவு வெளியிட்டிருக்கிறது, அதனால் என்ன விளைந்தது. முன்பே தொடங்கிய நாட்டுக்கு இந்த அமைப்பு சாதகம். பிரிட்டனின் தரவுத் தளம் 2010 ஜனவரியிலேயே வந்துவிட்டது. இந்தப் பட்டியலில் நினைவில் வைக்க வேண்டியது முதலிடத்தை அல்ல, நான்காம் பதிப்பின் ஓர் எண்ணிக்கையை. 115 நாடுகள், நாட்டுக்கு 15 வகைத் தரவு, மொத்தம் 1,725 தரவுத்தொகுதிகள். அவற்றில் முழுமையாகத் திறந்தவை 7 சதவீதம்தான்.

தென் கொரியா முன்னால் இருப்பது ஓ.இ.சி.டி. எனும் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பின் குறியீட்டில். 0 முதல் 1 வரை மதிப்பெண். தரவு இருக்கிறதா, எளிதில் கிடைக்கிறதா, பயன்படுத்துவோருக்கு அரசு கைகொடுக்கிறதா என்று மூன்று தூண்கள். கேள்வித்தாளை நிரப்புவது அந்தந்த அரசுகளே. சான்று இணைக்க வேண்டும். உறுப்பு நாடுகளுக்காக வடிவமைத்த பட்டியல் இது. இந்தியாவும் தைவானும் உறுப்பினர்கள் அல்ல. அதாவது, ஒரு பட்டியலின் முதல் ரேங்க் மாணவர் இன்னொரு பள்ளியில் சேரவே இல்லை.

கட்டுரைக்கு மேற்கோள் காட்டும்போது ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: எந்தப் பட்டியல், எந்தப் பதிப்பு, எத்தனை நாடு, யார் மதிப்பெண் போட்டார்கள். இந்த நான்கும் இல்லாத ‘உலக அளவில் இத்தனையாவது இடம்’ என்ற வாக்கியத்தை எடுத்துப் போட்டுவிடலாம்.

எங்கள் பகுதி விவரங்கள் எல்லாம் பி.டி.எஃப். ஆக இணையத்தில் இருக்கின்றனவே. அது திறந்த தரவு இல்லையா?
– ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், வியாசர்பாடி

பார்க்கலாம், ஆனால் கூட்டிப் பார்க்க முடியாது. யாரும், எந்த நோக்கத்துக்கும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்றால்தான் திறந்த தரவு. அதிகபட்சமாக, எங்கிருந்து எடுத்தது என்று குறிப்பிடவும், அடுத்தவருக்கும் அதே போலத் திறந்து வைக்கவும் சொல்லலாம்.

பெர்னர்ஸ்-லீ 2010-இல் இதற்கு ஐந்து நட்சத்திரம் வகுத்தார். எந்த வடிவமானாலும் திறந்த உரிமத்தோடு இணையத்தில் இருந்தால் ஒன்று. எக்செல் போல அட்டவணையாக இருந்தால் இரண்டு. சி.எஸ்.வி. (கட்டங்களைக் காற்புள்ளியால் பிரித்த வெற்று உரைக் கோப்பு) போல எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத வடிவம் என்றால் மூன்று. நான்காவதும் ஐந்தாவதும் ஒவ்வொரு பொருளுக்கும் நிலையான இணைய முகவரி, பிற தரவுகளோடு இணைப்பு. நம் ஊர் நிலையில் அவற்றை இப்போதைக்கு மறந்துவிடலாம். பலர் கவனிக்கத் தவறுவது முதல் நட்சத்திரத்தின் நிபந்தனையைத்தான். உரிமம் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாவிட்டால், அழகான சி.எஸ்.வி. கோப்புக்கும் நட்சத்திரம் பூஜ்யம்.

இந்தப் பட்டியல்களில் 100-க்கு 45 என்றால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று அர்த்தமா?
– ஆசிரியர், கொளத்தூர்

இல்லை. கணக்குப் போட்டே காட்டுகிறோம். 2015 உலகத் திறந்த தரவுக் குறியீட்டில் ஒரு தரவுத்தொகுதிக்கு மதிப்பெண் இப்படிப் பிரிந்தது: தரவு இருந்தால் 5, மின்வடிவில் இருந்தால் 5, பொதுமக்களுக்குக் கிடைத்தால் 5, இணையத்தில் இருந்தால் 5, இலவசம் என்றால் 15, கணினி நேரடியாகப் படித்தால் 15, மொத்தமாக இறக்க முடிந்தால் 10, புதுப்பித்திருந்தால் 10, திறந்த உரிமம் இருந்தால் 30.

இப்போது, வாக்குச்சாவடி வாரியான முடிவைச் சொல்லும் படிவம் 20-ஐ எடுத்துக்கொள்வோம். ஒரு சட்டமன்றத் தொகுதியின் படிவத்தைத் தாளில் அச்செடுத்து, கையெழுத்திட்டு, ஸ்கேன் செய்து, தொகுதிக்கு ஒரு கோப்பாக ஏற்றியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இருக்கிறது, 5. மின்வடிவம், 5. பொதுவில் இருக்கிறது, 5. இணையத்தில் இருக்கிறது, 5. இலவசம், 15. புதியது, 10. கணினி படிக்காது, மொத்தமாக இல்லை, உரிமம் இல்லை: மூன்றுக்கும் பூஜ்யம். கூட்டினால் 45.

அந்த 45 மதிப்பெண் கோப்பை வைத்துக்கொண்டு வடசென்னை மக்களவைத் தொகுதியின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளிலும் எந்த வாக்குச்சாவடியில் வாக்குப்பதிவு குறைந்தது என்று பார்க்க நினைத்தால், நீங்களே உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாகத் தட்டச்சு செய்ய வேண்டும். கணக்குக்குப் பயன்படும் அளவில் அதன் மதிப்பு பூஜ்யம்தான். அதனால்தான் பாரோமீட்டர், மொத்த மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் ‘முழுமையாகத் திறந்தது’ என்று தனியாக ஒரு கணக்கு வைத்தது. கணினி படிக்க வேண்டும், மொத்தமாகக் கிடைக்க வேண்டும், இலவசமாக இருக்க வேண்டும், திறந்த உரிமம் வேண்டும். நான்கில் ஒன்று குறைந்தாலும் அந்தக் கணக்கில் சேராது. சராசரி மதிப்பெண் ஆறுதல் சொல்லும். இந்த நான்கும்தான் நிலைமையைச் சொல்லும்.

மணலி காற்றுத் தர நிலையத்தின் தரவை நாங்களே மதிப்பிட முடியுமா? எப்படி?
– மீனவர் சங்கப் பொறுப்பாளர், எண்ணூர்

முடியும். பாரோமீட்டரின் பத்துக் கேள்விகள் போதும். சிறப்பு மென்பொருள் எதுவும் வேண்டாம்.

முதலில் எதை மதிப்பிடுகிறீர்கள் என்று ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள். ‘சென்னைக் காற்று’ என்று எழுதினால் பாதியில் சண்டை வரும். ‘மணலி நிலையம், பி.எம். 2.5, ஜனவரி மாதம், 15 நிமிட அளவு’ என்று எழுதுங்கள். பி.எம். 2.5 என்பது காற்றில் மிதக்கும் மிக நுண்ணிய துகள். நிலையப் பெயரில் கவனம் தேவை: மணலியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நிலையம் ஒன்று, ‘மணலி கிராமம்’ என்ற பெயரில் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நிலையம் ஒன்று. ராயபுரத்திலும் கொடுங்கையூரிலும் மாநில வாரிய நிலையங்கள் உண்டு. இரண்டு மணலியையும் கலந்துவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது.

பிறகு வரிசையாகக் கேளுங்கள். தரவு திரட்டப்படுகிறதா? அரசே இணையத்தில் தருகிறதா? கணினி படிக்கும் வடிவமா? முழுவதையும் ஒரே தடவையில் இறக்க முடிகிறதா? நிலையம் நிலையமாக, தேதி தேதியாகத் தேர்ந்தெடுத்துத்தான் இறக்க வேண்டியிருக்கிறது என்றால் இதற்கு ‘இல்லை’. இலவசமா? திறந்த உரிமமா? இந்திய அரசின் திறந்த தரவுத் தளத்தின் வழியாக வரும் கோப்புக்கு 2017 பிப்ரவரியில் அறிவித்த அரசுத் திறந்த தரவு உரிமம் பொருந்தும். மூலத்தைக் குறிப்பிட்டால் வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். அதே எண்ணை வேறு தளத்தில் எடுத்தால் அந்தத் தளத்தின் நிபந்தனைப் பக்கத்தைத் தனியாகப் படிக்க வேண்டும். ஒரு தளத்தின் உரிமத்தை இன்னொன்றுக்கு ஒட்டாதீர்கள். அடுத்து, புதுப்பிக்கிறார்களா? தொடர்ந்து வெளிவருமா? தேடினால் எளிதில் கிடைக்கிறதா? கடைசியாக, நிலையான இணைய முகவரிகள் உண்டா? இந்தக் கடைசிக் கேள்விக்கு நேரம் செலவிட வேண்டாம்.

‘புதுப்பிக்கிறார்களா’ என்பதில்தான் ஆழமாக இறங்க வேண்டும். ஒரு நாளைக்கு 15 நிமிட அளவுகள் 96. 31 நாள் மாதத்துக்கு 2,976. இறக்கிய கோப்பில் எண் உள்ள கட்டங்கள் 2,381 என்று வைத்துக்கொண்டால் 80 சதவீதம் நிறைந்திருக்கிறது. அந்தச் சதவீதத்தை எழுதி வையுங்கள். இன்னொரு பத்தியில், ஒரு நாளைக்கு 16 மணி நேரத்துக்குக் குறைவாகத் தரவு உள்ள நாட்கள் எத்தனை என்று எண்ணுங்கள். காற்றுத் தரக் குறியீட்டு எண்ணைக் கணக்கிட 24 மணியில் குறைந்தது 16 மணித் தரவு வேண்டும் என்பது விதி. மூன்று மாசுப்பொருளாவது வேண்டும், அதில் ஒன்று பி.எம். 2.5 அல்லது பி.எம். 10 ஆக இருக்க வேண்டும்.

இங்கே அதிகம் பேர் வழுக்குவது காலிக் கட்டத்தில். கருவி ஓடாத நேரத்துக்குக் கோப்பில் வெற்றிடமோ, ‘என்.ஏ.’ என்றோ வேறு சொல்லோ இருக்கும். அதைப் பூஜ்யமாக மாற்றிவிட்டுச் சராசரி எடுப்பார்கள். 60, 80, காலி, 100 என்று நான்கு கட்டங்கள். மூன்று எண்ணுக்குச் சரியான சராசரி 80. காலியைப் பூஜ்யம் என்று எடுத்தால் 60. பி.எம். 2.5-க்கு 24 மணி நேர வரம்பு, கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். வரம்பைத் தாண்டிய காற்று, ஒரு பூஜ்யத்தால் வரம்புக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. ஒரே எண் மணிக்கணக்காக மாறாமல் நின்றாலும், மைனஸ் எண் வந்தாலும் அது கருவிக் கோளாறாக இருக்கலாம். அழிக்காதீர்கள், தனி நிறம் கொடுத்துக் குறித்து வையுங்கள்.

ஒவ்வொரு ‘ஆம்’, ‘இல்லை’க்கும் பக்கத்தின் முகவரி, பார்த்த தேதி, ஸ்கிரீன்ஷாட் மூன்றும் வேண்டும். இணையப் பக்கங்களின் நகலைக் காத்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் பக்கத்தைச் சேமித்துவிடுவது இன்னும் நல்லது. மதிப்பெண்ணை இரண்டு பேர் தனித்தனியாகப் போட்டு, பிறகு ஒப்பிடுங்கள். வித்தியாசம் வரும் இடங்களில் பெரும்பாலும் கேள்வியே தெளிவாக இருந்திருக்காது.

தளத்தில் கோப்புகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போவது முன்னேற்றம்தானே?
– தண்டையார்பேட்டை

அந்த எண்ணை நம்பாதீர்கள். 38 மாவட்டத்துக்கும் சேர்த்து ஒரே அட்டவணையாகத் தர வேண்டியதை மாவட்டத்துக்கு ஒன்றாக நறுக்கினால் 38 கோப்பு. சென்னையின் 200 வார்டுக்கும் நறுக்கினால் 200. எண்ணிக்கை எகிறும், பயனாளிக்கு வேலை கூடும். எதிராகவும் நடக்கும்: செத்துப்போன இணைப்புகளையும் இரட்டிப்புகளையும் நீக்கிச் சுத்தம் செய்த ஆண்டில் எண்ணிக்கை சரியும். அதைப் பின்னடைவு என்று யாராவது எழுதுவார்கள்.

எண்ணித்தான் ஆக வேண்டுமென்றால் இதை எண்ணுங்கள்: சொன்ன தேதிக்குள் புதுப்பித்த தரவுத்தொகுதிகள் நூற்றுக்கு எத்தனை. ‘மாதந்தோறும்’ என்று விவரக்குறிப்பில் போட்டிருக்கும். கடைசிப் பதிவு இரண்டு வருடத்துக்கு முந்தையதாக இருக்கும். அப்படியானவை எத்தனை என்று 50 கோப்பைக் குலுக்கல் முறையில் எடுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஒரு நாட்டின் 2014 மதிப்பெண்ணையும் 2017 மதிப்பெண்ணையும் கழித்துப் பார்த்து வளர்ச்சி சொல்லலாமா?
– இதழியல் மாணவர், பெரம்பூர்

பெரும்பாலும் கூடாது. 2016–17 பதிப்பில் உலகத் திறந்த தரவுக் குறியீடு, கேள்விகளையும் மதிப்பெண் முறையையும் மாற்றியது. முந்தைய ஆண்டுகளோடு நேராக ஒப்பிட முடியாது. அதற்குப் பிறகு அந்தக் குறியீட்டுக்கு உலகப் பதிப்பே வரவில்லை. பாரோமீட்டர் 2018-இல், திறந்த தரவுக்கு உறுதி கொடுத்த 30 அரசுகளை மட்டும் எடுத்து ஒரு பதிப்பு வெளியிட்டது. அதன் வாரிசான குளோபல் டேட்டா பாரோமீட்டர் 2022-இல் 109 நாடுகளோடு வந்தது. அது அளக்கும் பரப்பே வேறு: தனிநபர் தரவுப் பாதுகாப்பு, தரவை நிர்வகிக்கும் விதிகள் எல்லாம் உள்ளே வந்துவிட்டன.

நாடுகளின் எண்ணிக்கையும் மாறிக்கொண்டே இருக்கும். 77 நாட்டில் 30-ஆவது, 115 நாட்டில் 35-ஆவது. இது சரிவா? சொல்ல முடியாது. ரேங்க்கை விடுங்கள். ஒரே கேள்வி இரண்டு பதிப்பிலும் அதே வார்த்தையில் இருக்கிறதா என்று கேள்வித்தாளை எடுத்துப் பாருங்கள். இருந்தால் அந்தக் கேள்விக்கு வந்த பதிலை மட்டும் ஒப்பிடுங்கள். மெனக்கெட்ட வேலைதான், ஆனால் அப்படிக் கிடைக்கும் ஒரு வாக்கியம் நிற்கும்.

புள்ளிவிவரத் துறை வெளியீடுகள் மட்டும் போதுமென்றால் ஓப்பன் டேட்டா வாட்ச் நடத்தும் ஒடின் மதிப்பீடு உதவும். அது ஒவ்வொரு வகைத் தரவுக்கும் பரப்பை ஐந்து கூறாலும் திறப்பை ஐந்து கூறாலும் அளக்கிறது. பரப்பில், கடந்த 5 ஆண்டுத் தரவு உண்டா, 10 ஆண்டுத் தரவு உண்டா, மாநில அளவில் உண்டா, மாவட்ட அளவில் உண்டா என்றெல்லாம் தனித்தனி மதிப்பெண்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சென்னைக் கோப்பில் எங்கள் ஊரே இல்லை. விட்டுவிட்டார்களா?
– திருவொற்றியூர்

விடவில்லை. நீங்கள் பக்கத்து மாவட்டத்தில் இருக்கிறீர்கள். அந்தக் கணக்கெடுப்பின்போது திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரம் நான்கும் திருவள்ளூர் மாவட்டத்தின் தனித்தனி நகராட்சிகள். கணக்கெடுப்பு மாவட்டக் குறியீடு 602-ஐத் திறந்து பாருங்கள்; சென்னையின் குறியீடு 603. திருவொற்றியூர் நகராட்சிக்கு 2,49,446 பேர் என்று இருக்கும்.

அதே 2011-இன் பிற்பகுதியில்தான் 42 உள்ளாட்சிகள் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தன. 174 சதுர கிலோமீட்டர் 426 ஆனது. 155 வார்டு 200 ஆனது. மாவட்ட எல்லை மாறியது இன்னும் தாமதமாக, 2018-இல். ஆக, 2011-இன் 46 லட்சத்துச் சொச்சம் என்ற சென்னை மக்கள்தொகையை எடுத்து இன்றைய மாநகராட்சியின் குப்பை அளவையோ குடிநீர் அளவையோ வகுத்தால், தலைக்கு எவ்வளவு என்ற கணக்கு எக்கச்சக்கமாக எகிறும். வகுபடும் எண்ணில் உங்கள் ஊர் உண்டு, வகுக்கும் எண்ணில் இல்லை.

இதைச் சரிசெய்ய, பழைய நகராட்சி எண்களையும் சென்னையின் எண்ணையும் கூட்டி இன்றைய எல்லைக்கு ஒரு மொத்தம் உருவாக்கலாம். வார்டு அளவில் அதைச் செய்ய முயலாதீர்கள். பழைய வார்டு 5-ம் புதிய வார்டு 5-ம் ஒரே நிலம் இல்லை. இப்போது 1 முதல் 14 வரை திருவொற்றியூர் மண்டலம், 15–21 மணலி, 22–33 மாதவரம், 34–48 தண்டையார்பேட்டை, 49–63 ராயபுரம், 64–78 திரு.வி.க. நகர். எல்லைக் கோப்பு இல்லாமல் வார்டு எண்ணை மட்டும் வைத்து இரண்டு காலத்தை இணைப்பது தப்பில்தான் முடியும்.

ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதுவது தனித் தலைவலி. திருவொற்றியூரின் ‘திரு’வை எச் போட்டும் எழுதுகிறார்கள், போடாமலும் எழுதுகிறார்கள். ‘ற்றி’க்கு இரண்டு டி போடுபவர்களும் உண்டு, டி-யும் ஆரும் போடுபவர்களும் உண்டு. இரண்டு அட்டவணையைப் பெயரால் இணைத்தால் பாதி வரிசை காணாமல் போகும். மத்திய அரசின் உள்ளாட்சி அடைவில் ஒவ்வோர் உள்ளாட்சிக்கும் ஓர் எண் உண்டு. இணைப்பதை அந்த எண்ணால் இணையுங்கள்.

பி.டி.எஃப். பட்டியலிலிருந்து தமிழை நகலெடுத்தால் ஆங்கில எழுத்தாகக் கொட்டுகிறது. சி.எஸ்.வி. கோப்பை எக்செல்லில் திறந்தால் குப்பையாக வருகிறது. தீர்வு?
– நூலகர், கொருக்குப்பேட்டை

இரண்டும் வேறு நோய்.

முதலாவதற்கு ஒரு சோதனை. ஒரே ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். தமிழாகவே வந்தால் அது யூனிகோட், அதாவது எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியேற்றம். எதையும் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை என்றால் அது ஸ்கேன் படம். ஆங்கில எழுத்தும் குறிகளுமாக வந்தால் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துரு. தமிழ்நாடு அரசு யூனிகோடையும் தமிழ் அனைத்து எழுத்துத் தரமான டேஸ் 16-ஐயும் 2010-லேயே தரமாக ஏற்றுவிட்டது. ஆனாலும் பழைய எழுத்துருக் கோப்புகள் இன்னும் கண்ணில் படும். பி.டி.எஃப். வாசிப்பானில் கன்ட்ரோல்-டி அழுத்தி எழுத்துருப் பட்டியலைப் பாருங்கள். பெயர் தெரிந்ததும் அதற்கே உரிய மாற்றியைப் பயன்படுத்துங்கள். பாமினி மாற்றியில் வானவில்லைப் போட்டால் தமிழ் மாதிரி தெரியும் தமிழ் வரும். அது இன்னும் ஆபத்து.

ஸ்கேன் என்றால், படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் டெஸராக்ட் மென்பொருளில் தமிழ் மாதிரியைச் சேர்த்து, படத்தை 300 டி.பி.ஐ. அளவில் கொடுங்கள். அட்டவணைக் கோடுகள் அதைக் குழப்பும். பத்தி பத்தியாக வெட்டிக் கொடுத்தால் பிழை குறையும். வந்த எண்களைக் கூட்டி, தாளிலுள்ள மொத்தத்தோடு ஒப்பிடாமல் மேலே போகாதீர்கள். 3-ம் 8-ம் மாறுவது வாடிக்கை. யூனிகோட் பி.டி.எஃப். ஆக இருந்தால் அட்டவணையைப் பிரிக்க டபுலா என்ற மென்பொருள் போதும். ஸ்கேனில் டபுலா வேலை செய்யாது.

வடசென்னைக்காரர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. கொருக்குப்பேட்டை, கொடுங்கையூர், கொளத்தூர்: மூன்றும் ‘கொ’வில் தொடங்குகின்றன. யூனிகோடில் ‘கொ’வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றாக, அல்லது ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு ஒரே எழுத்து. கணினிக்கு வேறு வேறு. தேடினால் பாதிதான் கிடைக்கும், பிவட் (தொகுப்பு அட்டவணை) போட்டால் ஒரே ஊர் இரண்டு வரிசையாக நிற்கும். எல்லாப் பெயர்ப் பத்தியையும், இரண்டு விதத்தையும் ஒன்றாக்கும் என்.எஃப்.சி. வடிவுக்கு மாற்றினால் தீர்ந்தது; பைத்தான் நிரல்மொழியில் ஒரு வரி வேலை.

சி.எஸ்.வி. குப்பையாவது எக்செல்லின் பழக்கம். கோப்பை இரட்டைக் கிளிக் செய்து திறக்காதீர்கள். வெற்றுத் தாளைத் திறந்து, ‘டேட்டா’ பட்டியலில் உரை/சி.எஸ்.வி. வழியாக இழுத்து, கோப்பின் குறியேற்றத்தை 65001 யூ.டி.எஃப்-8 என்று வையுங்கள். அதே இடத்தில் குறியீட்டு எண் பத்தியை ‘உரை’ என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் 007 என்பது 7 ஆகிவிடும், கதவு எண் 1-2 என்பது ஒரு தேதியாகிவிடும்.

எக்செல்லாகக் கேட்டால் ‘தாளில்தான் தருவோம்’ என்கிறார்கள். ஆர்.டி.ஐ.யில் வழி உண்டா?
– குடியிருப்போர் சங்கம், பெரம்பூர்

உண்டு. 2005 தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் பிரிவு 2(ஜே), கணினியில் உள்ள தகவலை மின்வடிவில் பெறுவதையும் உரிமையாகச் சொல்கிறது. பிரிவு 7(9), கேட்ட வடிவிலேயே சாதாரணமாகத் தர வேண்டும் என்கிறது. அலுவலக வளத்தை அளவுக்கு மீறித் திசைதிருப்பினாலோ ஆவணத்துக்குச் சேதம் வருமென்றாலோதான் விலக்கு. மனுவில் இரண்டு பிரிவையும் குறிப்பிடுங்கள்.

கேட்கும் விதத்தில்தான் பாதி வெற்றி. ‘ஏன் தூர்வாரவில்லை’ என்று கேட்காதீர்கள். இல்லாத தகவலைத் தயாரித்துத் தரச் சட்டம் கட்டாயப்படுத்தாது. இருக்கும் பதிவேட்டைக் கேளுங்கள். இப்படி:

‘மண்டலம் 4, வார்டு 34 முதல் 48 வரை, 01.04.2024 முதல் 31.03.2025 வரை மேற்கொண்ட மழைநீர் வடிகால் தூர்வாரும் பணிகளின் பதிவேடு: தெருப் பெயர், நீளம் (மீட்டரில்), பணி தொடங்கிய, முடிந்த தேதி, ஒப்பந்தத் தொகை, வழங்கிய தொகை. இவ்விவரம் தங்கள் கணினியில் எந்த மென்பொருளில் உள்ளதோ, அந்தக் கோப்பாகவே (எக்செல் அல்லது சி.எஸ்.வி.) வழங்கவும். ஸ்கேன் செய்த நகல் வேண்டாம்.’

10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை, சான்று இணைக்க வேண்டும். 30 நாளில் பதில் வர வேண்டும். தவறான அலுவலகத்துக்குப் போய்விட்டால் 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்றுவது அவர்கள் பொறுப்பு. பதில் வராவிட்டால் அல்லது திருப்தி இல்லாவிட்டால் 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு. அதற்கும் மேல் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு. கோப்பு கிடைத்ததும் அடுத்த மனுவில், இதே பட்டியலைப் பிரிவு 4-இன்படித் தாமாகவே இணையத்தில் வெளியிடக் கோருங்கள். மக்கள் மனுப் போடத் தேவையே இல்லாதபடி வெளியிட வேண்டும் என்றுதான் 4(2) சொல்கிறது.

பயனாளிகள் பட்டியலைப் போன் நம்பரோடு போடுவதும் திறந்த தரவா?
– காசிமேடு

இல்லை, அது கசிவு. எத்தனை பேர், எந்த வார்டு, எவ்வளவு தொகை என்பது தரவு. கைபேசி எண், ஆதார் எண், வங்கிக் கணக்கு என்பவை தனிநபர் விவரம். பெயரை நீக்கினாலும் போதாது. ஒரு தெருவில் ஒரு வகைப் பயனாளி இரண்டே பேர் என்றால் அக்கம்பக்கத்தார் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்படியான சிறு எண்களைப் புள்ளிவிவரக்காரர்கள் ‘5-க்குக் கீழ்’ என்று மறைத்துத் தருவது வழக்கம். உங்கள் சங்கம் வெளியிடும் அட்டவணையிலும் அதையே செய்யுங்கள்.

வடசென்னையின் ஆறு மண்டலங்களுக்கும் நாங்களே வருடந்தோறும் ஒரு மதிப்பீடு செய்ய நினைக்கிறோம். எவ்வளவு வேலை?
– இளைஞர் மன்றம், மாதவரம்

பத்துத் தரவுத்தொகுதிகளோடு நிறுத்துங்கள். பட்ஜெட், ஒப்பந்தப்புள்ளி, வடிகால், குப்பை, குடிநீர்த் தரம், காற்று, பள்ளிகள், ஆரம்ப சுகாதார நிலையங்கள், பேருந்து நேரம், வார்டு எல்லை. தொகுதிக்குப் பத்துக் கேள்வி. சான்றோடு நிரப்ப ஒரு தொகுதிக்கு 20 நிமிடம் வைத்தால், ஆறு மண்டலத்துக்கு 60 தொகுதிகள், 20 மணி நேரம். இருவர் தனித்தனியாகப் போட வேண்டும் என்பதால் 40. நான்கு பேர் இருந்தால் இரண்டு சனி, ஞாயிறில் முடித்துவிடலாம்.

உண்மையில் 60 வராது. காற்றுத் தரவு நிலையத்துக்கு உரியது, மண்டலத்துக்கு அல்ல. பேருந்து நேரம் நகரம் முழுவதற்கும் ஒன்றே. இப்படிப்பட்டவற்றை ஆறு முறை எண்ணாமல் ஒரு முறை மட்டும் எண்ணி, பட்டியலில் தனியாக வையுங்கள். ஆறு முறையும் எண்ணிவிட்டால் ஆறு மண்டலமும் ஒரே மாதிரி தெரியும். வித்தியாசம் உள்ள வடிகாலும் குப்பையும் சராசரியில் மூழ்கிவிடும்.

தேதியை முதலிலேயே பூட்டிவிடுங்கள். நிதியாண்டுக் கணக்குகள் ஏறுவதற்குள் ஏப்ரலில் பார்த்தால் எல்லாமே பழசாகத் தெரியும். ஜூலை முதல் இரண்டு வாரம் என்று வைத்தால் அடுத்த ஆண்டும் அதே ஜூலை முதல் இரண்டு வாரம்தான். கேள்வியின் வார்த்தையை நடுவில் மாற்றத் தோன்றும். மாற்றினால் பழைய கேள்வியையும் ஓர் ஆண்டுக்குக் கூடவே வைத்து இரண்டுக்கும் மதிப்பெண் போடுங்கள்.